வெள்ளைக்கல் தோட்டத்துப் பெரட்டு

இது நடந்த சம்பவம். பெயர்களை மாற்றி எழுதலாமா என்று கேட்டபோது, "எதுக்கு மாத்தணும்? என்னக் கிறுக்கின்னு சொல்றவங்க சொல்லிட்டுப் போகட்டும்லா" என்றாள் புஷ்பலதா. கதை கட்டி அனுதாபம் தேடுகிற ரகம் இல்லை அவள். ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். கன்னம் வீங்கி அழுதுகொண்டு வருகிறவனிடம்கூட "நம்பர் எடுத்துட்டு உக்காருங்க" என்பாள். போன ஆகஸ்ட் வரைக்கும் பேய் என்ற பேச்சை எடுத்தாலே சிரித்தவள்.

அவளுக்குச் சம்பளமில்லாத இன்னொரு வேலையும் இருந்தது. தோட்ட வரலாற்று வட்டம் என்ற சின்னச் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஜைனுலாப்தீன் என்பவரின் சாப்பாட்டுக் கடை மாடியில் சொற்பொழிவு நடக்கும். பழைய ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வருவார்கள். பேச்சுக்காக வந்தவர்கள் பாதி, கீழேயிருந்து ஏறி வரும் மீன்கறி வாசத்துக்காக வந்தவர்கள் மீதி. தலைவர் உடையப்பன் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கைக்கு மைக் போனால் லேசில் திரும்பி வராது.

ஜூலைக் கூட்டத்தில் உடையப்பன் ஓர் அறிவிப்புச் செய்தார். அடுத்த மாதம் சொற்பொழிவு கிடையாது. எல்லோரும் வெள்ளைக்கல் தோட்டத்துக்குப் போகிறோம். அங்கே, அந்தப் பழைய களத்திலேயே, பெரட்டு எடுத்துக் காட்டப் போகிறோம்.

பெரட்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடலாம். ரப்பர்த் தோட்டங்களில் விடியும் முன்பே ஆட்களைக் களத்தில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். பதில் சொன்னவனுக்கு அன்றைக்கு வேலை, கூலி. சொல்லாதவனுக்கு இரண்டும் இல்லை. தூங்கிப்போன கூட்டாளிக்காகப் பக்கத்தில் நிற்கிறவன் குரலை மாற்றிப் பதில் சொல்லிவிடுவதும் உண்டு. உடையப்பன் இதை ஒரு பெரிய நகைச்சுவையாக நடித்தே காட்டினார்.

பின் வரிசையில் இருந்த ஒரு மனிதர் எழுந்தார்.

"எங்கப்பா அந்தக் களத்துல நின்னு ஒத வாங்கினாரு. அத நீங்க கூத்து கட்டி ஆடப் போறீங்களா?"

"வரலாறுய்யா இது. இஷ்டம் இல்லன்னா வராதீங்க."

"வரமாட்டேன். நாங்க தப்பிச்சு வந்த எடம் அது."

அவர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டுப் படியிறங்கிப் போனார். அவரோடு நான்கைந்து பேர் எழுந்து போனார்கள். புஷ்பலதாவுக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை பாடுபட்டு ஒரு நிகழ்ச்சி ஏற்பாடு செய்தால் நாற்காலியை உதைக்கிறார்களே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே கறிபாப் பலகாரத் தட்டை அடுத்த வரிசைக்கு நீட்டினாள்.

குறித்த நாளில் காலை ஆறு மணிக்குப் பெரட்டு. அந்த நேரத்தில் பேராக் மாநிலத்தில் இன்னும் கும்மிருட்டு. காரை ஓட்டியது தம்பி தர்மேந்திரன். அவள் தர்மா என்றுதான் கூப்பிடுவாள். டயர்க் கடையில் வேலை, இருபத்தெட்டு வயது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கு மிச்சமிருந்த ஒரே ஆள் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துவிட்டாள் என்று சிம்பாங் பூலாய் வரைக்கும் முனகிக்கொண்டே வந்தான்.

"செத்துப்போனவங்கள எழுப்புறதுக்கு என்ன ஏன்க்கா எழுப்புற?"

"வாய மூடிட்டு ஓட்டு."

வெள்ளைக்கல் தோட்டத்தில் இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. சுண்ணாம்பு மலைக்கு அடியில் தொழிலாளிகள் இருந்த, கூரை போன லயத்து வீடுகள் ஒரு வரிசை நிற்கின்றன. அதற்கு எதிரே பெரட்டுக் களம். சுற்றிலும் ஆள் உயரத்துக்குப் புல் மண்டிக் கிடக்க, களத்தில் மட்டும் ஒரு புல்கூட முளைக்கவில்லை. வெறும் செம்மண். ஓரத்து மரத்தில் பழைய தண்டவாளத் துண்டு ஒன்று சங்கிலியில் தொங்கியது. அதை அடித்துத்தான் அந்தக் காலத்தில் ஆட்களைக் கூப்பிடுவார்களாம். அத்தனை பேர் வந்து போன இடத்தில் அதை யாரும் பழைய இரும்புக்காரனிடம் போடாமல் விட்டுவைத்தது எப்படி என்று தர்மா கேட்டான். யாருக்கும் தெரியவில்லை.

முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். உடையப்பன் காக்கி அரைக்கால்சட்டையும் தொப்பியுமாக வந்து இறங்கினார். தொப்பை பட்டனைப் பிய்த்துக்கொண்டு நின்றது. எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்.

"ஒவ்வொருத்தரா ஒங்க தாத்தா பேரச் சொல்லுங்க. நான் கூப்பிடுறேன். அவர் பேருக்கு நீங்க பதில் சொல்லுங்க."

இரும்புக் கம்பியால் தண்டவாளத்தை அடித்தார். டங்... டங்... டங்... சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது.

புஷ்பலதா கைப்பேசியில் நேரலை போட்டுக்கொண்டிருந்தாள். பேர்கள் வர ஆரம்பித்தன. ஒரு பெண் தன் தாத்தாவின் பேரைச் சொல்லி, உடையப்பன் அதைக் கூப்பிட்டதும் "வந்துட்டேன்யா" என்று சொல்லும்போதே தேம்பிவிட்டாள். கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது.

பிறகு உடையப்பன் கூப்பிட்டார்.

"சன்னாசி!"

பதில் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சன்னாசி!"

நேரலையில் வெறும் பூச்சிச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. புஷ்பலதா தம்பியின் விலாவில் முழங்கையால் இடித்தாள்.

"நீ சொல்லு."

"நம்ம தாத்தா பேரு அது இல்லியே."

"யாராச்சும் சொல்லணும்லா. வீடியோ ஓடுது."

மூன்றாவது முறை உடையப்பன் கூப்பிட்டார். தர்மா கொட்டாவி விட்டுக்கொண்டே கத்தினான்.

"வந்துட்டேன்யா!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. ம்ம்ம்ம்... மரத்தில் தொங்கிய இரும்பு தானாக முனகியது. காற்று இல்லை. கம்பி உடையப்பனின் கையில் இருந்தது.

பெரட்டு முடிந்து எல்லோரும் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துப் பசியாறினார்கள். தர்மா வரவில்லை. திரும்பிப் பார்த்தால், கலைந்துபோன களத்தில் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. புஷ்பலதா போய்ப் பிடித்து இழுத்த பிறகுதான் கண் சிமிட்டினான்.

"யாருக்கா என் தோளப் புடிச்சிட்டு இருந்தது?"

"ஒருத்தரும் இல்லியே."

அவனுடைய வெள்ளைச் சட்டையின் தோளில் செம்மண் அப்பியிருந்தது. நான்கு விரல்கள் பதிந்ததுபோல.

மறுநாள் விடியும் முன் தண்ணீர் குடிக்க எழுந்த புஷ்பலதா, வாசல் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தாள். வெளியே கார் நிறுத்தும் இடத்தில் தர்மா நின்றுகொண்டிருந்தான். நிமிர்ந்து, சாலையைப் பார்த்தபடி. தூக்கத்தில் நடக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. தலைமாட்டில் வெடி வெடித்தாலும் புரண்டு படுக்கிற ஆள். உலுக்கி எழுப்பினால் ஒன்றும் நினைவில்லை என்றான். முழங்கால் வரைக்கும் செம்மண். அவர்கள் வீட்டு வாசலில் சிமெண்டுத் தரை.

அதற்கடுத்த நாள் ஜைனுலாப்தீன் போன் செய்தார். விடியற்காலை சுபுஹ் தொழுகையை முடித்துவிட்டுக் கடை திறக்க வந்திருந்தார்.

"தங்கச்சி, ஒங்க தம்பி கட முன்னால நிக்கிறாரு. சீக்கிரம் வாங்க."

அவள் போனபோது தர்மா தெருவிளக்கின் கீழ் அதேபோல நின்றுகொண்டிருந்தான். ஜைனுலாப்தீன் அவனுக்குப் பக்கத்தில் போகாமல் கடைப்படியிலேயே நின்றார்.

"அந்த நாயப் பாருங்க தங்கச்சி."

தெருநாய் ஒன்று சாலையைக் கடக்கப் பார்த்தது. தர்மாவுக்கு முன்னால் வெறும் சாலைதான். ஆனால் நாய் அதில் நேராகப் போகவில்லை. பத்து ஆள் நிற்கிற தூரம் ஓரமாகவே போய், ஏதோ வரிசையின் முனையைச் சுற்றுவதுபோலச் சுற்றி, வாலை ஒடுக்கிக்கொண்டு ஓடியது.

அந்த வாரம் அவன் உடம்பு கண்ணெதிரே கரைந்தது. சோற்றைக் குவித்துக் குவித்துத் தின்றான், ஆனாலும் கன்னம் ஒட்டிப்போனது. இடது முழங்காலுக்குக் கீழே, முன்பக்கத்தில் ஒரு புண் வந்தது. முதலில் கொசுக்கடி அளவு. மூன்றாம் நாள் உள்ளங்கை அளவு. பக்கத்துக் கிளினிக்கில் மருந்து போட்டார்கள், ஊசி போட்டார்கள். புண் எலும்பு தெரிகிற அளவுக்கு ஆழமானது. வீடு முழுக்க அந்த நாற்றம்.

எல்லாவற்றையும்விட ஒன்றுதான் அவளை உடைத்தது. "தர்மா" என்று கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. நான்கு முறை, ஐந்து முறை கூப்பிட்டுப் பார்த்தாள். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கடைசியில், மெல்ல அந்த இன்னொரு பேரைச் சொன்னாள்.

"சன்னாசி..."

சட்டென்று எழுந்து நின்றான். கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டான்.

அவள் அன்றே உடையப்பன் வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தாள். அந்தப் பேரை யார் சொன்னது, எந்தக் குடும்பத்துத் தாத்தா அது என்று கேட்டாள். அவர் முதலில் எகிறினார். சங்கத்தின் பேரைக் கெடுக்காதே, இதையெல்லாம் முகநூலில் எழுதிவிடாதே என்றார். அவள் கைப்பேசியில் இருந்த புண்ணின் படத்தை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். உடையப்பன் உட்கார்ந்துவிட்டார்.

"யாரும் சொல்லலம்மா. அந்தப் பேரு... எனக்கு வாயில தானா வந்துச்சு."

வெள்ளைக்கல் தோட்டத்தில் பிறந்தவர்களில் ஒரே ஒரு கிழவி மட்டும் உயிரோடு இருப்பதாக அவர் சொன்னார். பேர் ராக்காயி, ஊர் ஹுத்தான் மெலிந்தாங். சங்கத்துக்காக ஒருமுறை பேட்டி எடுக்கப் போனபோது மீன் கழுவிய தண்ணீரை அவர்மேல் ஊற்றி விரட்டினாளாம். புஷ்பலதா அடுத்த நாளே காரை எடுத்தாள்.

ராக்காயி வீட்டுக்கு வெளியே ஒரு பலகையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். எண்பத்தைந்துக்கு மேலிருக்கும். கையில் இன்னும் நல்ல வேகம். உள்ளே வா என்றோ உட்கார் என்றோ சொல்லவில்லை. புஷ்பலதா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். சன்னாசி என்ற பேரைக் கேட்டதும் கிழவியின் கை நின்றது.

"அவரு எங்க பெரியண்ணன்."

"பாட்டி..."

"குறுக்க பேசாத. ஜப்பான்காரன் காலம். அப்ப நான் சின்னப் புள்ள. எங்காத்தா சொல்லித்தான் தெரியும். ஆளுங்கள சயாமுக்கு ரயில் ரோடு போடப் புடிச்சிட்டுப் போறான்னு முதநாளே பேச்சு. பெரியண்ணன் போயி ரப்பர் சீட்டுக்குப் பொகை போடுற வீட்டுல ஒளிஞ்சிக்கிட்டாரு. காலையில பெரட்டு. லாரி வந்து நிக்கிது. அவரு பேரக் கூப்பிட்டான். ஆளு இல்ல. மறுபடியும் கூப்பிட்டான். மூணாவது தடவயும் இல்லன்னா குடும்பத்தையே நிறுத்தி வச்சு அடிப்பான்."

கிழவி ஓர் இறாலின் தலையைத் திருகிப் போட்டாள்.

"சின்னண்ணன் பத்துமலைக்குப் பதினாலு வயசு. அவன் வந்துட்டேன்யான்னு சொல்லிட்டான். லாரியில ஏத்திட்டானுங்க."

"திரும்பி வரலியா?"

"அந்த லாரியில போனவங்க ஒருத்தரும் வரல. சண்ட முடிஞ்சப்புறம்தான் ஆரம்பிச்சிது. பெரட்டு நேரத்துக்கு வீட்டு வாசல்ல வந்து நின்னு கூப்பிடுவாங்க. சன்னாசி, சன்னாசின்னு. ஒருத்தர் குரல் இல்ல, ஒரு கூட்டத்தோட குரல். எங்காத்தா பெரியண்ணன் வாயப் பொத்திக்கிட்டுப் படுத்திருப்பா. ஒரு வாட்டியும் அவரு பதில் சொல்லல. பேர மாத்திக்கிட்டு ஓடியாந்துட்டோம். இப்ப ஒன் தம்பி பதில் சொல்லிட்டான். அவங்களுக்கு ஆளு கெடச்சாச்சு."

"என்ன செஞ்சா விடுவாங்க பாட்டி?"

"செத்தவன் பேர வீட்டாளு வந்து பெரட்டுல சொல்லணும். சொன்னா புத்தகத்துல பேர வெட்டிடுவாங்க. அப்புறம் கூப்பிட மாட்டாங்க. தோட்டத்து மொற அதுதான்."

"ஒங்க அண்ணன் இப்ப...?"

கிழவி நிமிர்ந்து அவளை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"செத்துட்டாரு."

"அப்ப நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க பாட்டி. நானே காடியில கூட்டிட்டுப் போயி, கூட்டியாந்து விட்டுர்றேன்."

"மாட்டேன்."

"என் தம்பி சாகுறான் பாட்டி!"

"சாகட்டும். எனக்கு ஒரு அண்ணன் போனது போதும். போ இங்கேருந்து."

இறால் தோல் நிறைந்த சட்டியை அவள் காலடியில் கவிழ்த்துவிட்டுக் கிழவி உள்ளே போனாள். கதவைத் தாழிடும் சத்தம் கேட்டது. இப்படியும் ஒரு கல் நெஞ்சா என்று புஷ்பலதா வழியெல்லாம் அழுதுகொண்டே காரை ஓட்டினாள்.

அன்றிரவு தம்பியின் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் ஒரே துண்டால் கட்டிக்கொண்டு படுத்தாள். தூங்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஐந்து மணிக்குக் கைப்பேசி அடித்தபோது விழித்தாள். பக்கத்தில் அவன் இல்லை. துண்டின் முடிச்சு போட்டபடியே இருந்தது.

போனில் ஜைனுலாப்தீன். மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, ஒங்க தம்பி லாரியில ஏறிட்டாரு."

"எந்த லாரி?"

"தெரியல. பழைய லாரி. வெளக்கு இல்ல. நான் கத்துறேன், ஓடுறேன்... சத்தமே இல்லாம போயிடுச்சு."

எங்கே என்று அவளுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

தோட்டத்துப் பாதை முனையில் காரை நிறுத்திவிட்டு ஓடினாள். கைப்பேசி வெளிச்சத்தில் பனிதான் தெரிந்தது. மலை தெரியவில்லை. பூச்சிச் சத்தம்கூட இல்லை.

டங்...

நின்றாள்.

டங்... டங்...

களத்தில் தர்மா நின்றுகொண்டிருந்தான். தனியாக. வலது கை மட்டும் சற்று விலகியிருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன. அவனைவிடக் குட்டையான ஒருவன் அந்தக் கையைப் பிடித்திருப்பதுபோல.

வெளிச்சத்தைத் தரையில் அடித்தாள். மழை பெய்து எத்தனையோ நாளாகிறது. ஆனால் களம் முழுக்க ஈரமான காலடித் தடங்கள். செருப்பில்லாத கால்கள். வரிசை வரிசையாக.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தடம் ஆழமானது. நிற்கிறவன் கால் மாற்றி நிற்பதுபோல.

அந்தப் புண்ணின் நாற்றம் இப்போது எல்லாப் பக்கமிருந்தும் வந்தது.

முன்னால், யாரும் இல்லாத இடத்திலிருந்து, ஒரு குரல் பேர்களைக் கூப்பிட ஆரம்பித்தது. அவசரமில்லாத குரல். தினமும் செய்கிற வேலைபோல. ஒவ்வொரு பேருக்கும் பதில் வந்தது. இருட்டுக்குள்ளிருந்து. அவளுக்கு இடப்பக்கம். வலப்பக்கம். பின்னால்.

"வந்துட்டேன்யா..."

"வந்துட்டேன்யா..."

பிறகு...

"சன்னாசி!"

தர்மாவின் வாய் திறந்தது. அவள் பாய்ந்து பொத்தினாள். அவன் கடித்தான். பல் சதையில் இறங்கியது. அவள் கையை எடுக்கவில்லை.

"சன்னாசி!"

கோபம். குரலில் இப்போது கோபம்.

தடங்கள் திரும்பின. எல்லாத் தடங்களும். அவளைப் பார்த்து.

அவன் உடம்பு அவள் பிடியிலிருந்து நழுவியது. நிறைய கைகள் இழுப்பதுபோல.

மூன்றாவது...

"சன்னா..."

"செத்துட்டாரு!" என்று அலறினாள். "சன்னாசி செத்துட்டாரு! பேர வெட்டுங்க!"

அமைதி.

தர்மாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு காதருகில்... மிக அருகில்...

"யாரு சொல்றது?"

குளிர்ந்த மூச்சு கழுத்தில் பட்டது. அவள் திரும்பவில்லை.

"வீட்டாளு..."

பொய்தான். வேறு என்ன சொல்வது?

கிர்ர்ர்ர்... காகிதத்தில் பேனா இழுபடுவதுபோல ஒரு சத்தம். நீளமாக. அவ்வளவுதான்.

தர்மா அவள்மேல் சரிந்தான்.

பனி விலகியபோது சுண்ணாம்பு மலை வெள்ளையாகத் தெரிந்தது. களத்தில் அவள் காலடியும் அவன் காலடியும் மட்டும்தான் இருந்தன. அவனைத் தோளில் தாங்கி இழுத்துக்கொண்டு கார் வரைக்கும் வந்தாள். மருத்துவமனைக்குப் போகும் வழியில், பயந்துகொண்டே, "தர்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

"என்னக்கா?" என்றான்.

சாலையோரம் காரை நிறுத்திவிட்டு வாய்விட்டு அழுதாள்.

புண் ஆற ஆரம்பித்தது. மருத்துவர் புது மருந்துதான் வேலை செய்கிறது என்றார், அவளும் ஆமாம் என்றாள். உடையப்பன் பழங்கள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அடுத்த சொற்பொழிவுக்குத் தலைப்புப் பற்றிப் பேச்சை எடுத்தார். அவள் பார்த்த பார்வையில் பையை வைத்துவிட்டுக் கிளம்பினார். அத்தோடு அவள் சங்கத்திலிருந்து விலகிவிட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் புஷ்பலதா இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, மதிய நேரத்தில், கிளினிக்குக்கு ஒரு போன் வந்தது. ராக்காயி. இந்த எண்ணை எப்படிப் பிடித்தாள் என்று தெரியவில்லை. வரவேற்பறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். புஷ்பலதா குரலைத் தாழ்த்தி, தம்பி பிழைத்துவிட்டான் என்று சொன்னாள். கிழவி அதைக் காதில் வாங்கவே இல்லை.

"எங்கண்ணன் போயிட்டாரு."

"எந்த அண்ணன் பாட்டி?"

"எனக்கு இருந்தது எத்தன அண்ணன்? ஒருத்தன லாரியில கொண்டு போனாங்க. இன்னொருத்தர் உள்ளறையில படுத்திருந்தாரு. நூறு வயசு ஆவப் போவுது. நான்தான் கஞ்சி ஊத்திட்டிருந்தேன்."

புஷ்பலதா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"பாட்டி... செத்துட்டாருன்னு நீங்கதான சொன்னீங்க?"

"கேக்குற எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவேன். சின்ன வயசுலேருந்து அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன். வேற எப்படிடீ அவர மறச்சு வைக்கிறது?"

எப்போது, எந்த நாள் என்று புஷ்பலதா கேட்காமலே கிழவி சொன்னாள். அதே நாள். விடியற்காலை, பெரட்டு நேரம்.

"காது கேட்டு இருவது வருஷமாச்சு அவருக்கு. பக்கத்துல நின்னு கத்துனாலும் கேக்காது. அன்னிக்குத் திடீர்னு எந்திரிச்சு உக்காந்தாரு. ராக்காயி, எவளோ ஒருத்தி நான் செத்துட்டேன்னு சொல்றா, நம்ம வீட்டாளுங்கிறா, யாரு அவளுன்னு கேட்டாரு. அப்படியே சாஞ்சிட்டாரு."

வரவேற்பறையில் யாரோ தன் நம்பர் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். புஷ்பலதா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கிழவியின் மூச்சு போனில் இழுத்து இழுத்துக் கேட்டது.

"நான் ஒங்கிட்ட சொன்னது பொய்யி. நீ அத எங்க போயிச் சொன்ன?"